பலகைகள் வாழும் மலைக்கோயில்

தென்கொரியாவின் காயா மலைச் சரிவில், பைன் மரங்களுக்கிடையே அமைந்த ஹேயின்சா கோயிலுக்குச் செல்வோர் படிப்படியாக ஏறியே ஆகவேண்டும். வாயில்களையும் முற்றங்களையும் கடந்து, புத்தர் வீற்றிருக்கும் தலைமைக் கூடத்தை அடைந்தாலும் ஏற்றம் முடிவதில்லை. அதற்கும் மேலே, அணிகலன் துறந்த துறவியரைப்போல் நீண்ட மரக்கூடங்கள் சில நிற்கின்றன. இறைவன் திருவுருவினும் உயர்ந்த இடத்தில் நூல்களை வைத்துப் போற்றும் கோயில் அரிதே.

கி.பி. 802இல் சில்லா அரசர் காலத்தில் எழுந்த இக்கோயிலின் பெயருக்குக் 'கடல் முத்திரை' என்பது பொருள். அலையடங்கிய கடலில் அனைத்தும் நிழலாடுவதுபோல், தெளிந்த உள்ளத்தில் மெய்ம்மை தோன்றும் என்னும் பௌத்தக் கருத்தை அது சுட்டும். ஆயினும், அங்குள்ள செல்வம் அமைதியில் பிறந்ததன்று. 1232இல் மங்கோலியர் படையெடுப்பின்போது, முன்னோர் செதுக்கிவைத்த திரிபிடகப் பலகைகள் எரிந்து சாம்பலாயின. கொர்யோ அரசவை கங்ஹ்வா தீவில் ஒதுங்கியிருந்த அந்நெருக்கடியிலேயே மீண்டும் செதுக்கத் தொடங்கி, 1251இல் பணியை நிறைவேற்றினர். வாளேந்த வேண்டிய வேளையில் உளியேந்தினரே என எள்ளுவோரும் உண்டு. புத்தர் அருளால் பகை அகலும் என்பது அம்மக்களின் நம்பிக்கை. பகை அகலவில்லை; பலகைகள் நிலைத்தன.

அவற்றின் எண்ணிக்கை 81,258. ஒவ்வொன்றிலும் இருபுறமும் சீன எழுத்துகள், அச்சிடுதற்கேற்ப இடம்வலம் மாறிச் செதுக்கப்பட்டுள்ளன. சுகி என்னும் துறவி பல பதிப்புகளை ஒப்புநோக்கிப் பாடங்களைத் திருத்தினார். அச்சுப்பிழையோடு போராடியவர்களே அவ்வுழைப்பின் அருமையை அறிவர்.

1398இல் பலகைகள் ஹேயின்சாவுக்குக் கொண்டுவரப்பட்டன. பதினைந்தாம் நூற்றாண்டில் அமைந்த அவற்றின் கூடங்களில் ஓர் அறிவு நுட்பம் உண்டு. முன்சுவரில் கீழ்ச்சாளரங்கள் பெரியவை, மேற்சாளரங்கள் சிறியவை. பின்சுவரில் அம்முறை தலைகீழ். ஆதலால், உட்புகும் மலைக்காற்று கூடம் முழுதும் சுற்றியே வெளியேறும். கரியும் உப்பும் சுண்ணமும் கலந்த மண்தரை ஈரத்தைச் சமன்செய்யும். கோயிலின் பிற பகுதிகளைத் தீ பலமுறை தின்றபோதும் இக்கூடங்கள் தப்பின.

மிகப்பெரும் இடர் வானிலிருந்து வந்தது. கொரியப் போரின்போது, 1951இல், காயா மலையில் பதுங்கிய கெரில்லாப் படையினரை ஒழிக்கக் கோயிற்பகுதியில் குண்டுவீசுமாறு வான்படைக்குக் கட்டளை பிறந்தது. விமானங்களை நடத்திச் சென்ற கிம் யங்-ஹ்வான் குண்டுவீச மறுத்தார். போர்க்களத்தில் கட்டளை மீறுவது எளிய குற்றமன்று. அதனை அறிந்தே மீறினார்.

1954இல் அவர் செலுத்திச் சென்ற விமானம் திரும்பவில்லை. ஹேயின்சாவில் அவருக்கு ஒரு நினைவுக்கல் நிற்கிறது.