லினக்ஸில் உலாவித் தீநிரல்: காவல் இடம் மாறிய கதை

லினக்ஸில் வைரஸ் வராது என்ற நம்பிக்கையை வெறும் ஜம்பம் என்று தள்ளிவிட முடியாது. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1969இல் பெல் ஆய்வகத்தில் பிறந்த யுனிக்ஸ், ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொண்ட காலத்தின் படைப்பு. ஒருவர் செய்யும் தவறு இன்னொருவரின் வேலையைக் கெடுத்துவிடக் கூடாது. அதனால் இயங்குதளக் கோப்புகள் ரூட் என்ற நிர்வாகியின் வசம் இருந்தன; மற்றவர்களுக்கு அவரவர் ஹோம் கோப்புறைதான் எல்லை. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸும் இதே ஏற்பாட்டைக் கைக்கொண்டது. 1996இல் ஸ்டாக், 1997இல் பிளிஸ் ஆகிய வைரஸ்கள் தலைகாட்டியும் பெரிதாகப் பரவவில்லை. பிளிஸில் அதை நீக்குவதற்கான கட்டளையே சேர்ந்து வந்தது. இந்த அனுபவம் நம்பிக்கையை வலுப்படுத்தியது. ஆனால் அந்தக் காவல் இயங்குதளத்தையும் பிற பயனர்களையும் மனத்தில் வைத்து எழுப்பப்பட்டது. கணினிக்கு ஒரே பயனர் என்றாகி, அவருடைய அஞ்சலும் வங்கிக் கணக்கும் உலாவிக்குள் குடியேறியபோது, விலைமதிப்புள்ளவை எல்லாம் காவல் குறைந்த ஹோம் கோப்புறைக்கு வந்து சேர்ந்தன.

இதற்குத் தெளிவான சான்று 2015 ஆகஸ்டில் கிடைத்தது. ரஷ்யாவின் ஒரு செய்தித் தளத்தில் வந்த விளம்பரம், பயர்ஃபாக்ஸின் பிடிஎஃப் காட்டும் பகுதியில் இருந்த ஓட்டையைப் பயன்படுத்திக் கோப்புகளைத் திருடியது. லினக்ஸ் கணினிகளில் அது தேடியவை தொலைக் கணினிகளில் நுழைய உதவும் எஸ்எஸ்எச் சாவிகள், கட்டளை வரலாறு, பெயரில் ‘பாஸ்’ என்ற எழுத்துகள் கொண்ட உரைக்கோப்புகள் போன்றவை. இவற்றைப் படிக்க ரூட் அதிகாரம் தேவையில்லை. பயனருக்கு இருந்த உரிமையே போதுமானதாக இருந்தது. பயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொசில்லா 39.0.3 பதிப்பில் ஓட்டையை அடைத்தது. தாக்குதல் கணினியில் தடயம் எதையும் விட்டுச்செல்லாததால், சாவிகளையும் கடவுச்சொற்களையும் மாற்றிவிடும்படி மொசில்லா அறிவுறுத்தியது.

உலாவியோடு இணைக்கும் நீட்சிகள் தாக்குபவர்களுக்கு இன்னும் எளிய வழியைத் திறந்துவிட்டன. குரோமின் புகழ்பெற்ற நீட்சியான ‘தி கிரேட் சஸ்பெண்டர்’ 2020இல் கைமாறியது. 2021 பிப்ரவரியில் கூகுள் அதைத் தீநிரல் என்று கூறி முடக்கியது. பயனர் தாமே விரும்பி நிறுவிய நீட்சி, உரிமையாளர் மாறியதும் குணம் மாறிவிட்டது. தீநிரலை அகற்றும் துப்புரவு முறையும் இதற்கேற்ப மாற வேண்டியதாயிற்று. உலாவியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவது பழைய பழக்கம். லினக்ஸில் தொகுப்பை அடியோடு நீக்கினாலும் உலாவியின் அமைப்புகளும் நீட்சிகளும் அடங்கிய புரொஃபைல் ஹோம் கோப்புறையில் பெரும்பாலும் அப்படியே இருக்கும். மறுநிறுவலில் தொல்லையும் திரும்பிவிடும். புரொஃபைலைப் புதிதாக உருவாக்கினாலும், கணக்கு ஒத்திசைவு பழைய நீட்சியை மீண்டும் இறக்கிவிடக்கூடும். ஆகவே நீட்சிகள், தேடுபொறி அமைப்பு, அறிவிப்பு அனுமதிகள், ஒத்திசைவு, பயனரின் தானியங்கு தொடக்கப் பட்டியல், குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான் பணிகள் என்று அனைத்தையும் பார்த்தால்தான் வேலை முடியும்.

லினக்ஸ் மேசைக் கணினிகள் குறைவு, அவற்றை யார் குறிவைப்பார்கள் என்று சிலர் கேட்கலாம். தனி நிரல்களைப் பொறுத்தவரை இதில் நியாயம் உண்டு. நீட்சிக்கு இது பொருந்தாது: விண்டோஸ் குரோமுக்கு எழுதிய அதே நிரல் லினக்ஸ் குரோமிலும் ஓடும். அப்படியானால் ரூட் பிரிவினை பயனற்றதா என்றால், அதுவும் இல்லை. தீநிரலுக்கு நிர்வாகி அதிகாரம் கிடைக்காதவரை பாதிப்பு பெரும்பாலும் ஒரு பயனரின் கோப்புறையோடு நின்றுவிடுகிறது. இயங்குதளத்தையே மறுபடி நிறுவ வேண்டிய தேவை பெரும்பாலும் எழுவதில்லை. சந்தேகமான ஸ்கிரிப்டுக்கு, நிர்வாகி அதிகாரம் தரும் சூடோ கடவுச்சொல்லைக் கொடுத்தவருக்கு மட்டும் இந்த ஆறுதல் இல்லை. யுனிக்ஸ் தந்த காவல் இன்றும் துப்புரவை எளிதாக்குகிறது. திருட்டைத் தடுக்க அது போதாது. எனவே புரொஃபைலைச் சுத்தம் செய்வதோடு நிறுத்தாமல், வேறொரு நம்பகமான கணினியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றி, திறந்திருக்கும் அமர்வுகளை எல்லாம் மூடி, பழைய சாவிகளைச் செல்லாதவையாக்க வேண்டும்.