களத்தில் அளந்த சுதந்திரம்

கேழ்வரகுக் கதிரை மாடு கட்டி மிதித்து, காற்று பார்த்துத் தூற்றி, பொலி குவித்தாயிற்று. தருமபுரிப் பக்கத்துப் பழைய களங்களில் அந்தப் பொலி வீட்டுக்குப் போகும் முன்பே சிலர் வந்து நிற்பார்கள். கொழு அடித்துக் கொடுத்த கொல்லர், ஏர் செதுக்கிய தச்சர், துணி வெளுத்தவர், முடி திருத்தியவர், காவல் காத்தவர். அவரவர் முறத்தில் விழும் தானியத்துக்குப் பழைய வருவாய்க் கணக்குகளில் ஒரு பெயர் உண்டு: சுதந்திரம்.

வடமொழியில் 'ஸ்வ' என்றால் தன். 'தந்திரம்' என்றால் தறியின் பாவு. அதிலிருந்து ஒழுங்கு, ஆளுகை. தன் ஆளுகையில் இருப்பது சுதந்திரம். தன் வசம் இருப்பது தன் உடைமை. உடைமை தலைமுறை தாண்டினால் உரிமைப் பங்கு. தமிழில் சொல் இந்த வழியாகத்தான் களத்துக்கு இறங்கியது. கிறித்தவ வேதத்தைத் தமிழாக்கியவர்களும் வாரிசைச் 'சுதந்தரவாளி' என்றே எழுதினார்கள்.

அந்தப் பங்கைக் கொல்லர் கேட்டு வாங்கலாம். யாரும் மறுக்க முடியாது. ஆனால் அது கொல்லராகப் பிறந்ததற்கான பங்கு. அவர் மகனும் உலைக்களத்தில்தான் நிற்க வேண்டும். சோறும் கட்டும் ஒரே முறத்தில் கிடந்தன.

1792இல் தருமபுரியை உள்ளடக்கிய பாராமகால் சீமை கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்தது. கேப்டன் ரீடின் உதவியாளராக வந்த தாமஸ் மன்றோ 1799 வரை இந்தச் சீமையில் வேலை பார்த்தார். ஒவ்வொரு உழவரோடும் தனித்தனியே வரி பேசும் ரயத்துவாரி முறை இங்கேதான் உருப்பெற்றது. சர்க்கார் ஏட்டில் தனி ஆள் ஏறினார். களத்தில் குலமுறை தொடர்ந்தது. பரம்பரையாக வந்த பழைய கிராம அலுவலர் பதவிகளைத் தமிழ்நாடு ஒழித்தது 1980இல்தான்.

இதற்கிடையே சொல் பெரிதாகிவிட்டது. சிறையில் தொழுநோய் வாங்கி வந்த விடுதலைப் போராளி சுப்பிரமணிய சிவா தனக்குச் சுதந்திரானந்தர் என்று பெயர் சூட்டிக்கொண்டார். 1925இல் தருமபுரிப் பக்கத்துப் பாப்பாரப்பட்டியில் அவர் கண்மூடியபோது, அந்தச் சொல் நாட்டின் விடுதலையைக் குறித்தது.

நாடு விடுதலை பெற்ற பிறகு, தனி ஆளின் கேள்வி திரும்பியது. பழைய தருமபுரி மாவட்டத்தில் அடங்கியிருந்த தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, 1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். உழவர் நிலத்தையும் வணிகர் தொழிலையும் அரசு கட்டிப்போடக் கூடாது என்பது அவர் வாதம். அதே ராஜாஜி முதல்வராக 1953இல் கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டம், மீதி நேரம் பிள்ளைகள் பெற்றோர் தொழிலைக் கற்க வழிசெய்தது. 'குலக்கல்வி' என்று பெரியார் எதிர்த்தார். மறு ஆண்டே அது கைவிடப்பட்டது. ஒருவர் அரசின் பிடியைக் கண்டு அஞ்சினார். மற்றவர் சாதியின் பிடியைக் கண்டு கொதித்தார்.

சுதந்திரவாதிகளின் உலகச் சண்டையும் இதுவே. தன் வாழ்வைத் தானே தீர்மானிக்கும் உரிமை ஒருவருக்கு உண்டு என்பதில் அவர்கள் ஒன்றுபடுகிறார்கள். அதைப் பறிப்பவர் யார் என்பதில் பிரிகிறார்கள். அதே கம்பெனியில் 35 ஆண்டு உத்தியோகம் பார்த்த ஆங்கிலச் சிந்தனையாளர் ஜான் ஸ்டூவர்ட் மில், 1859இல் அரசோடு சமூகத்தின் அடக்குமுறையையும் சேர்த்து எச்சரித்தார். சிந்தனையாளர் ஐசயா பெர்லின் 1958இல் இரண்டு சுதந்திரங்களைப் பிரித்தார்: பிறர் தலையிடாத வெளி ஒன்று, தன்னைத் தானே ஆளுதல் மற்றொன்று. பின்னதன் பெயரால் கொடுங்கோல் வரக்கூடும் என்று அஞ்சினார். உணவும் படிப்பும் இல்லாதவருக்கு வெறும் வெளியால் என்ன பயன் என்று கேட்டவர்களும் சுதந்திரவாதிகளே.

எனக்கு அந்த முறம்தான் நினைவில் நிற்கிறது. கொல்லர் மகன் உலையை விட்டு வெளியேற விரும்பினால், அரசும் ஊரும் சாதியும் வழிமறிக்கக் கூடாது. வழி திறந்திருந்தாலும், போய்ச் சேரும்வரை அவன் வயிற்றுக்கும் படிப்புக்கும் ஏதாவது வேண்டும். நம் சொல்லுக்குள் இரண்டும் இருக்கின்றன: தன் வசம், தன் பங்கு. அந்தப் பங்கை இனி எந்தக் குலத்தில் பிறந்தாய் என்று கேட்காமல் அளக்க வேண்டும்.