பிசங்கா: உக்ரைனின் ஈஸ்டர் முட்டை

பிசங்கா என்பது உக்ரைனில் ஈஸ்டர் பண்டிகைக்கென்று தேன்மெழுகும் சாயமும் கொண்டு அணி செய்யப்படும் பச்சை முட்டை. எழுதுதல் என்னும் பொருள்படும் உக்ரேனிய வினைச்சொல்லிலிருந்து வந்த பெயர் இது. முட்டையில் பிசங்கா 'எழுதுவது' என்றே அங்குள்ளவர்கள் சொல்வார்கள். முட்டைக்கு வண்ணம் பூசும் வழக்கம் கிறிஸ்தவ உலகின் பல நாடுகளில் உண்டு. ஆனால் அது இவ்வளவு நுட்பமான கைவினையாகவும், இவ்வளவு நம்பிக்கைகள் சூழ்ந்த சடங்காகவும் வளர்ந்த இடங்கள் மிகச் சில.

முட்டைக்கும் ஈஸ்டருக்கும் உள்ள தொடர்புக்குச் சமயம் தரும் விளக்கம் உண்டு: மூடிய கல்லறையிலிருந்து உயிர் வெளிப்பட்டதை ஓட்டை உடைத்து வரும் குஞ்சு குறிக்கிறது. இதைவிட எளிய காரணமும் ஒன்று உண்டு. கீழைத் திருச்சபையினர் தவக்காலத்தில் இறைச்சியோடு பாலையும் முட்டையையும் விலக்குவார்கள். குளிர்காலத்தில் முட்டையிடுவதைக் குறைத்துக்கொண்ட கோழிகள் மீண்டும் மும்முரமாக இடத் தொடங்குவதும் அதே பருவத்தில்தான். நாற்பது நாள் நோன்பு முடிவதற்குள் வீட்டில் முட்டை குவிந்துவிடும். பண்டிகைக்கு முட்டை முதன்மைப் பொருளானதில் வியப்பில்லை.

வகைகள்

வெளியார் எல்லா வண்ண முட்டைகளையும் பிசங்கா என்று அழைத்தாலும் உக்ரேனியர்கள் அப்படிக் குழப்பிக்கொள்வதில்லை. உண்பதற்காக வேகவைத்து ஒரே நிறத்தில், பெரும்பாலும் சிவப்பில், தோய்த்தெடுப்பது கிராஷங்கா. மெழுகுச் சொட்டுகளால் புள்ளி வைத்தது கிராபங்கா. கருஞ்சாயம் ஏறிய ஓட்டை ஊசியால் கீறி வெண்கோடு எடுப்பது திரியாபங்கா. இலையை ஒட்டவைத்துச் சாயத்தில் இட்டு அதன் அச்சை எடுப்பதும், தூரிகையால் நேரே தீட்டுவதும் தனி வகைகள்.

இவற்றில் கிராஷங்காவும் பிசங்காவும்தான் அடிப்படையானவை. முன்னது சாப்பாட்டுக்கு, வேகவைத்தது. பின்னது பச்சை முட்டை. யாரும் அதை உண்பதில்லை. வேகவைத்தால் முட்டையின் உயிர்ச்சக்தி போய்விடும், பிறகு அது வீட்டைக் காக்காது என்பது நம்பிக்கை. அதனாலேயே கூமுட்டையில் எழுதக் கூடாது என்றார்கள். சேவலோடு திரிந்த கோழியின் முட்டை, அதிலும் வெடைக்கோழி முதன்முதலில் இட்ட முட்டை, மிகச் சிறந்தது. இன்று பலர் சிறு துளையிட்டு உள்ளிருப்பதை ஊதி வெளியேற்றிவிடுகிறார்கள். பழைமையில் பற்றுள்ளவர்கள் அதைப் பிசங்காவாக ஒப்புவதில்லை.

எழுதும் முறை

வாத்து முட்டையும் பயன்படுவதுண்டு என்றாலும், வழக்கமாக எடுப்பது வெள்ளை ஓடுள்ள கோழி முட்டைதான். எழுதுகோலுக்குக் கிஸ்த்கா என்று பெயர். ஒரு குச்சியின் நுனியில் மெல்லிய பித்தளைத் தகட்டைக் கூம்பாகச் சுருட்டிக் கட்டியிருப்பார்கள். கூம்பை மெழுகுவத்திச் சுடரில் காய்ச்சி, தேன்மெழுகுக் கட்டியில் குத்தினால் உருகிய மெழுகு உள்ளே ஏறும். கூம்பின் துளை வழியே அது ஓட்டின் மீது மெல்லிய கோடாக இறங்கும். சுடரின் கரி மெழுகில் கலந்துவிடுவதால் கோடு கறுப்பாகத் தெரியும். எழுதுபவருக்கு அது வசதி.

பத்திக் துணியில் செய்வதைப் போலவே, எந்த நிறம் நிலைக்க வேண்டுமோ அந்த இடத்தை மெழுகால் மூடி அடுத்த சாயத்தில் முக்குவதுதான் இங்கும் முறை. முதலில் வெண்மையாக நிற்க வேண்டிய கோடுகளை மெழுகால் எழுதி முட்டையை மஞ்சளில் இடுவார்கள். மஞ்சளாக நிற்க வேண்டியவற்றை மூடிவிட்டு ஆரஞ்சு அல்லது சிவப்பில். கடைசியில் கறுப்பு அல்லது அடர்பழுப்பு. வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குத்தான் போக முடியும். திரும்பி வர முடியாது. முழுப் படத்தையும் நிறம் வாரியாகப் பிரித்துத் தலைகீழாக மனத்தில் வைத்திருந்தால்தான் கை ஓடும். முன்கூட்டிப் பென்சிலால் கோடிட்டுக்கொள்வது இக்காலத்துக் கற்பவர்களின் வழக்கம். கிராமத்துப் பெண்கள் முட்டையைச் சுற்றி ஓரிரு வட்டங்களை மெழுகால் இட்டுப் பரப்பைப் பகுத்துக்கொண்டு நேரே எழுதினார்கள்.

கடைசிச் சாயமும் ஏறிய முட்டை அழுக்குக் கறுப்பு உருண்டையாகத்தான் இருக்கும். அதைச் சுடரின் அருகே பக்கவாட்டில் காட்டி, மெழுகு பளபளத்து இளகும்போது துணியால் துடைக்க வேண்டும். நேரே சுடருக்கு மேல் பிடித்தால் ஓட்டில் கரி படியும். துடைக்கத் துடைக்கத்தான் வெண்மையும் மஞ்சளும் சிவப்பும் ஒவ்வொன்றாக வெளிப்படும்.

பழைய சாயங்கள் தோட்டத்திலிருந்தும் காட்டிலிருந்தும் வந்தவை. வெங்காயத் தோல் பொன்பழுப்பு தரும். காட்டு ஆப்பிள் மரப்பட்டை மஞ்சள் தரும். வால்நட் காயின் பச்சைத் தோலிலிருந்து அடர்பழுப்பு, சூரியகாந்தி விதை உமியிலிருந்து கருநிறம். சாயம் பிடிக்கப் படிகாரம் சேர்த்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செயற்கை அனிலீன் சாயங்கள் கடைக்கு வந்ததும் நிறங்கள் கூர்மை பெற்றன. இவற்றோடு வினிகர் சேர்க்க வேண்டும்; புளிப்பில்தான் இந்தச் சாயம் ஓட்டில் ஏறும்.

எழுதுவது பெண்களின் வேலையாக இருந்தது. தவக்காலத்தின் இறுதி வாரங்களில், குழந்தைகள் உறங்கிய பிறகு, தாயும் பாட்டியும் மகளும் உட்காருவார்கள். குடும்பத்துக்கென்று கோலங்களும் சாயப் பக்குவங்களும் இருந்தன. அண்டை வீட்டாருக்கு அவற்றைச் சொல்வதில்லை.

கோலங்கள்

முடிவற்று வளைந்தோடும் அலைக்கோடு ஏறக்குறைய எல்லா வட்டாரத்திலும் உண்டு. தீய ஆவி அதற்குள் நுழைந்தால் வழி தெரியாமல் சிக்கிக்கொள்ளும் என்பார்கள். எட்டுமுனை நட்சத்திரத்தை ரோஜா என்று அழைக்கிறார்கள்; ஆய்வாளர்கள் அதைச் சூரியன் என்கிறார்கள். பரப்பை நாற்பது முக்கோணங்களாகப் பகுக்கும் ஒரு கோலத்துக்குத் தவக்காலத்தின் நாற்பது நாட்கள் என்று விளக்கம் சொல்வதுண்டு. கோதுமைக் கதிர், கருவாலி இலை, ஆட்டுக்கடா கொம்பு, கோழிக்கால், சல்லடை, ஏணி, மீன், மான் ஆகியவையும் பரவலானவை.

வட்டார வேறுபாடு தெளிவாகத் தெரியும். கார்பாத்திய மலையின் ஹுட்சுல் மக்கள், குறிப்பாகக் கோஸ்மாச் கிராமத்தார், மஞ்சளும் ஆரஞ்சும் மிகுந்த நிலத்தில் மயிரிழைக் கோடுகளால் பரப்பை முழுதும் நிறைப்பார்கள். மானும் குதிரையும் மரக்கோயிலும் அவர்கள் முட்டைகளில் இடம்பெறும். மேற்கே லெம்கோ மக்கள் கிஸ்த்காவுக்குப் பதில் குண்டூசியின் தலையை மெழுகில் தொட்டு இழுத்து, கண்ணீர்த்துளி வடிவக் கீற்றுகளால் கோலம் அமைப்பார்கள்.

இந்தக் குறி இன்னதைக் குறிக்கும் என்று அட்டவணை போட்டுத் தரும் கையேடுகள் இன்று நிறையக் கிடைக்கின்றன. அவற்றை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஒரே வடிவத்துக்கு ஓர் ஊரில் ஒரு பெயர், பக்கத்து ஊரில் வேறு பெயர். கிராமத்தார் வைத்த பெயர்கள் கோழிக்கால், சல்லடை என்று கண்ணெதிரே உள்ள பொருள்களைச் சார்ந்தவை. தத்துவ விளக்கங்களில் பல, படித்தவர்கள் பிற்காலத்தில் ஏற்றியவை.

நம்பிக்கைகள்

பிசங்கா பற்றிய கதைகளில் மிகவும் அறியப்பட்டது ஹுட்சுல் மக்களுடையது. மலைப்பாறையில் ஒரு கொடிய பாம்பு சங்கிலியால் கட்டப்பட்டிருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் அது தன் ஏவலாட்களை அனுப்பி, உலகில் எத்தனை பிசங்கா எழுதப்பட்டன என்று பார்த்துவரச் சொல்லும். எண்ணிக்கை குறைந்திருந்தால் சங்கிலி தளரும், கூடியிருந்தால் இறுகும். பிசங்கா எழுதும் வழக்கம் இருக்கும்வரை உலகத்துக்கு அழிவில்லை என்பது இதன் சாரம். கிறிஸ்தவக் கதைகளும் உண்டு. சிலுவை சுமக்க உதவிய சிரேனே ஊர்ச் சீமோன் ஒரு முட்டை வியாபாரி என்றும், அவர் திரும்பி வந்து பார்த்தபோது கூடையிலிருந்த முட்டைகள் எல்லாம் நிறம் மாறியிருந்தன என்றும் ஒரு கதை.

அன்றாட வாழ்வில் பிசங்காவுக்கு ஏராளமான வேலை இருந்தது. இடியும் தீயும் அண்டாதிருக்க வீட்டில் வைத்தார்கள். தேன் பெருகத் தேன்கூட்டுப் பெட்டியின் அடியிலும், மாடு நலமாக இருக்கத் தொழுவத்திலும் வைத்தார்கள். இறந்த குழந்தையின் சவப்பெட்டியில் இட்டார்கள். பெண்கள் தாங்கள் விரும்பும் இளைஞனுக்குக் கொடுத்தார்கள். அப்படிக் கொடுக்கும்போது ஓர் எச்சரிக்கை: முட்டையின் இரு முனைகளிலும் கோலம் இல்லாமல் வெறுமையாக விடக் கூடாது, விட்டால் அவனுக்குத் தலை வழுக்கையாகிவிடும்! பண்டிகைக் காலையில் கிராஷங்கா இட்ட நீரில் முகம் கழுவினால் கன்னம் சிவக்கும் என்பதும் பெண்களிடையே இருந்த நம்பிக்கை.

பண்டிகை நாளில்

ஈஸ்டர் இரவு வழிபாட்டுக்குக் குடும்பங்கள் கூடையோடு போகும். கூடையில் பாஸ்கா என்னும் உயரமான இனிப்பு ரொட்டி, தொத்திறைச்சி, வெண்ணெய், பாலாடைக்கட்டி, உப்பு, குதிரைமுள்ளங்கிக் கிழங்கு, கிராஷங்கா, பிசங்கா ஆகியவை இருக்கும். மேலே பூத்தையல் துணி, ஒரு மெழுகுவத்தி. பாதிரியார் கூடைகளை மந்திரித்துத் தீர்த்தம் தெளிப்பார். 'கிறிஸ்து உயிர்த்தார்' என்று ஒருவர் வாழ்த்த, 'உண்மையாகவே உயிர்த்தார்' என்று மற்றவர் பதில் சொல்லி முட்டைகளை மாற்றிக்கொள்வார்கள். மந்திரித்த முட்டையை வெட்டி வீட்டார் அனைவரும் பகிர்ந்து உண்டால் நோன்பு முடிந்தது.

பிள்ளைகளுக்கு விளையாட்டு. வேகவைத்த முட்டைகளை முனையோடு முனை மோதுவார்கள். எவருடையது உடையவில்லையோ அவர் மற்றவரின் முட்டையை எடுத்துக்கொள்வார். மறுநாள் திங்களன்று இளைஞர்கள் பெண்கள் மீது தண்ணீர் ஊற்றுவதும், அதற்குப் பதிலாகப் பிசங்கா பெறுவதும் மேற்கு உக்ரைனில் வழக்கம். அடுத்த வாரம் கல்லறைகளுக்குச் சென்று முன்னோர்க்கு முட்டை வைப்பார்கள்.

இவற்றிடையே இந்தியர்களுக்குச் சுவையான ஒரு வழக்கம் உண்டு. மந்திரித்த கிராஷங்காவின் ஓடுகளைக் குப்பையில் எறியாமல் ஆற்றில் விடுவார்கள். அவை நெடுந்தொலைவு மிதந்து ரக்மான்கள் என்னும் புண்ணியவான்களின் நாட்டை அடையுமாம். காலக்கணக்கு அறியாத அந்த மக்கள், ஓடு வந்து சேர்ந்ததும்தான் ஈஸ்டர் வந்துவிட்டதென்று அறிந்து கொண்டாடுவார்கள். ஈஸ்டருக்குப் பின் வரும் நான்காம் புதன்கிழமை ரக்மான் ஈஸ்டர் எனப்படுகிறது. ரக்மான் வேறு யாருமல்லர், பிராமணர்தான். அலெக்சாண்டரின் இந்தியப் பயணம் பற்றிய கட்டுக்கதைகள் இடைக்காலத்தில் ஸ்லாவிய மொழிகளுக்குப் போயின. அவற்றில் வந்த இந்தியத் துறவிகளே கிராமத்து நம்பிக்கையில் கிறிஸ்தவப் புண்ணியவான்களாக மாறினார்கள்.

பழமையும் சான்றுகளும்

பிசங்கா ஐயாயிரம் ஆண்டுப் பழமையுடையது என்று அடிக்கடி எழுதப்படுகிறது. உக்ரைன் நிலப்பகுதியில் கிறிஸ்துவுக்கு முன் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு தழைத்த திரிப்பில்லியா பண்பாட்டுப் பானைகளின் சுழிகளும் அலைகளும் பிசங்கா கோலங்களை ஒத்திருப்பதே இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது. ஒப்புமை இருப்பது உண்மை. அதை மட்டும் கொண்டு தொடர்ச்சியை நிறுவ முடியாது. இடைக்கால ஸ்லாவிய அரசான கீவிய ருஸ் காலத்தைச் சேர்ந்த, மெருகிட்ட சுடுமண் முட்டைகள் அகழாய்வுகளில் கிடைத்திருக்கின்றன. முட்டை ஓட்டில் எழுதிய பிசங்காவைப் பொறுத்தவரை, கிடைத்தவற்றில் மிகப் பழையது லிவிவ் நகரில் 2013-இல் மழைநீர்ச் சேகரிப்பு அமைப்பொன்றில் அகப்பட்ட பெருவாத்து முட்டை. காலம் 15 அல்லது 16-ஆம் நூற்றாண்டு. 1708-இல் ரஷ்ய ஜார் பீட்டரின் படைகளால் அழிக்கப்பட்ட பத்தூரின் நகரின் அகழாய்விலும் நொறுங்கிய ஒன்று கிடைத்தது. ஓடு எளிதில் நொறுங்கும் பொருள் என்பதால் இவ்வளவாவது கிடைத்தது நல்லூழ்.

முறையான தொகுப்பு 19-ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. பொல்தாவா வட்டாரத்து லுப்னியில் கத்தெரினா ஸ்கர்ஜின்ஸ்கா நிறுவிய அருங்காட்சியகத்தின் பிசங்கா தொகுப்பைச் செர்ஹி குல்ஜின்ஸ்கி 1899-இல் விளக்கப் பட்டியலாக வெளியிட்டார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட முட்டைகளின் கோலங்கள் கொண்ட அந்நூல் இன்றைய கலைஞர்களுக்கும் மூலநூல்.

சோவியத் ஆட்சியில் பிசங்கா சமயச் சின்னமாகக் கருதப்பட்டு ஒடுக்கப்பட்டது. பல தொகுப்புகள் அழிந்தன. மேற்கு மலைக் கிராமங்களில் மட்டும் வழக்கம் மறைவாகத் தொடர்ந்தது. அதே காலத்தில், 1891 முதல் கனடாவின் புல்வெளி மாநிலங்களில் குடியேறத் தொடங்கிய உக்ரேனியர்களும் அமெரிக்காவுக்குப் போனவர்களும் அதைப் பேணினார்கள். கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்து வெக்ரவில் ஊரில் 1975-இல் நிறுவிய ராட்சத பிசங்கா சுமார் 7.8 மீட்டர் நீளமும் 5.5 மீட்டர் அகலமும் உடையது. காற்றின் திசைக்கேற்பத் திரும்பும். கோலத்தை அமைத்தவர் பால் செம்பலியுக். முட்டையின் வளைபரப்பை அலுமினியத் துண்டுகளால் மூடும் வடிவியலைக் கணினியில் தீர்த்தவர் ரொனால்ட் ரெஷ்.

1991-இல் உக்ரைன் விடுதலை பெற்றபின் வழக்கம் வெளிச்சத்துக்கு வந்தது. கோலொமியா நகரில் 2000-இல் பிசங்கா அருங்காட்சியகம் திறக்கப்பட்டது; அதன் நடுப்பகுதியே சுமார் 14 மீட்டர் உயரமுள்ள வண்ண முட்டை. போலந்து, செக், ருமேனியா, லிதுவேனியா நாடுகளிலும் மெழுகு முறை முட்டைகள் உண்டு. ருமேனியாவின் புக்கோவினா வேலைப்பாடு ஹுட்சுல் வேலைக்கு இளைத்ததல்ல.

பச்சை முட்டையில் எழுதிய பிசங்காவை வைத்திருப்போர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வெயில் படாத, காற்றோட்டமுள்ள இடத்தில் வைத்தால் உள்ளிருப்பது ஓட்டின் நுண்துளைகள் வழியே ஆண்டுக்கணக்கில் வற்றிச் சிறு உருண்டையாகிவிடும். காற்றுப் புகாத பெட்டியிலோ வெப்பத்திலோ வைத்தால் வாயு சேர்ந்து வெடித்து வீடெங்கும் நாறும்.

உக்ரைனும் எஸ்தோனியாவும் கூட்டாக முன்வைத்த விண்ணப்பத்தின் பேரில், 2024 டிசம்பரில் யுனெஸ்கோ பிசங்காவை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.