விற்ற பிறகும் சாகாத இயங்குதளம்



நம்மில் பலருடைய வீட்டில் பழைய கணினி ஒன்று இருக்கும். ஸ்டோர் அறையிலோ மேசைக்கு அடியிலோ துணி போர்த்தி வைத்திருப்போம். திரை எரியும், விசைப்பலகையும் வேலை செய்யும். ஆனால் "ரொம்ப மெதுவாக இருக்கிறது" என்று ஓரங்கட்டியிருப்போம். 2025 அக்டோபர் 14ஆம் தேதி விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியபோது, பல வீடுகளில் இதே பேச்சு மறுபடியும் எழுந்தது. இயந்திரம் கெட்டுப்போகவில்லை. அதற்குள் ஓடும் மென்பொருளுக்கு உரிமை உடையவர் "இனி போதும்" என்றார். அவ்வளவுதான்.

அப்படியானால் ஒரு கேள்வி. மென்பொருளைச் செய்த நிறுவனம் கைவிட்டுவிட்டால், அதைப் பயன்படுத்துகிறவர்களால் அதைக் காப்பாற்ற முடியுமா? இந்தக் கேள்விக்கு விடை தேட, இன்று உங்களுக்கு ஹைக்கூ என்ற இயங்குதளத்தின் கதையைச் சொல்லப் போகிறேன். ஜப்பானியக் கவிதையின் பெயர்தான். பெயர்க் காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

ஆப்பிளிலிருந்து வெளியேறியவர்

1990. ஆப்பிள் நிறுவனத்தில் உயர் பதவியில் இருந்த ழான்-லூயி காசே என்ற பிரெஞ்சுக்காரர் அங்கிருந்து விலகினார். பொறியாளர் ஸ்டீவ் சக்கோமனும் அவரோடு சேர்ந்தார். கலிஃபோர்னியாவில் 'பி' என்ற பெயரில் புதிய நிறுவனம் பிறந்தது. அவர்களின் எண்ணம் எளிமையானது. அன்றைய இயங்குதளங்கள் பழைய வீட்டின் மேல் மாடிக்கு மேல் மாடி கட்டியது போல ஆகிவிட்டன. ஆகவே பழைய சுமை எதுவும் இல்லாமல் அடித்தளத்திலிருந்து புதிதாகக் கட்டுவோம் என்றார்கள்.

1995 அக்டோபரில் 'பிபாக்ஸ்' என்ற கணினியைக் காட்டினார்கள். வீட்டுக் கணினிக்கு ஒரு செயலி போதும் என்றிருந்த காலத்தில் அதில் இரண்டு செயலிகள் இருந்தன. ஒவ்வொரு செயலியும் எவ்வளவு உழைக்கிறது என்பதைப் பெட்டியின் முன்பக்கத்தில் விளக்குகள் ஏறி இறங்கிக் காட்டும். அதற்குள் ஓடிய இயங்குதளத்தின் பெயர் பிஓஎஸ்.

அதில் என்ன சிறப்பு? ஒரு சமையலறையை நினைத்துப் பாருங்கள். ஒரே சமையல்காரர் சோறும் வடித்து, குழம்பும் வைத்து, காயும் நறுக்கினால் சாப்பாடு தாமதமாகும். நான்கு பேர் வேலையைப் பிரித்துக்கொண்டால் விரைவில் முடியும். பிஓஎஸ் வேலைகளை அப்படிச் சிறு சிறு இழைகளாகப் பிரித்தது. ஒவ்வொரு சாளரத்துக்கும் தனி இழை. அதனால் ஒரு பக்கம் கனமான வேலை நடந்தாலும், மறு பக்கம் சொடுக்கினால் உடனே பதில் வரும். 1990களின் சாதாரணக் கணினியில் ஒரே நேரத்தில் பல காணொளிகளை ஓட்டிக் காட்டியபோது பார்த்தவர்கள் வியந்தார்கள்.

கைநழுவிய வாய்ப்பு

1996இல் ஆப்பிள் தன் புதிய இயங்குதளத் திட்டமான கோப்லாண்டைக் கைவிட்டது. வெளியிலிருந்து ஒன்றை வாங்கியே தீர வேண்டிய நிலை. காசேயின் பிஓஎஸ் முன்வரிசையில் நின்றது. ஆனால் விலையில் இரு தரப்பும் ஒத்துப்போகவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில், ஸ்டீவ் ஜாப்ஸ் நடத்திய நெக்ஸ்ட் நிறுவனத்தை 40 கோடி டாலருக்கும் கூடுதலாகக் கொடுத்து வாங்க ஆப்பிள் முடிவு செய்தது. ஜாப்ஸ் ஆப்பிளுக்குத் திரும்பினார். இன்றைய மேக் கணினிகளும் ஐபோன்களும் நெக்ஸ்ட் போட்ட அடித்தளத்தில்தான் நிற்கின்றன.

'பி' நிறுவனம் அடுத்து இன்டெல் செயலிகள் பக்கம் திரும்பியது. அங்கே கணினிக் கடைகள் முழுக்க விண்டோஸ். ஹிட்டாச்சி நிறுவனம் பிஓஎஸ்ஸையும் சேர்த்துப் போட்ட கணினிகளை விற்க முன்வந்தது. விற்கவும் செய்தது. ஆனால் கணினியைத் திறந்தால் பிஓஎஸ் கண்ணில் படாது! அது மறைந்திருந்தது. வாங்கியவர்தாம் வழிமுறைகளைப் படித்து அதைத் தேடி எழுப்ப வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணினி நிறுவனங்களோடு செய்துகொண்ட ஒப்பந்தங்களே இதற்குக் காரணம் என்று 'பி' குற்றம் சாட்டியது.

2000இல் பிஓஎஸ் 5இன் ஒரு பதிப்பை இலவசமாகவே கொடுத்தார்கள். கூடவே, இணையத்துக்கென்றே செய்யப்படும் சிறு கருவிகள் பக்கம் நிறுவனம் தன் கவனத்தைத் திருப்பியது. அதுவும் கைகொடுக்கவில்லை. 2001 ஆகஸ்டில், ஏறக்குறைய 1 கோடியே 10 லட்சம் டாலருக்குத் தன் சொத்துகளை பாம் நிறுவனத்துக்கு விற்பதாக 'பி' அறிவித்தது.

பிறகு மைக்ரோசாஃப்ட் மீது 'பி' வழக்குத் தொடுத்தது. 2003இல் சமரசம் ஏற்பட்டது. தவறு செய்ததாக மைக்ரோசாஃப்ட் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் 2 கோடியே 32 லட்சத்து 50 ஆயிரம் டாலர் கொடுத்தது. கணக்குப் பாருங்கள்: நிறுவனம் உயிரோடு இருந்தபோது விற்ற விலையைப்போல இரண்டு மடங்குக்கும் மேலான தொகை, அது கடையை மூடிய பிறகு வந்தது!

ருசியை மட்டும் வைத்துக்கொண்டு

பெரும்பாலான கதைகள் இந்த இடத்தில் முடிந்துவிடும். இந்தக் கதையின் முக்கியமான பகுதி இங்கேதான் தொடங்குகிறது.

அதே 2001 ஆகஸ்ட் மாதம் 18ஆம் தேதி, மைக்கேல் ஃபிப்ஸ் என்பவரின் தலைமையில் 'ஓப்பன்பிஓஎஸ்' என்ற திட்டம் தொடங்கியது. பிஓஎஸ்ஸைப் பயன்படுத்திய நிரலாளர்கள் சேர்ந்தார்கள். சம்பளம் கிடையாது. அவர்கள் கையில் பிஓஎஸ்ஸின் மூலநிரலும் கிடையாது. அது பாம் நிறுவனத்தின் சொத்து.

ஒரு பாட்டி வைத்த குழம்பை ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டவர்கள், அவர் போன பிறகு, செய்முறை தெரியாமல் ருசியை மட்டும் நினைவில் வைத்து அதே குழம்பை வைக்கப் பார்ப்பதைப் போன்ற வேலை இது. ஒரு பகுதியைப் புதிதாக எழுதுவார்கள். அதைப் பழைய பிஓஎஸ்ஸுக்குள் பொருத்திப் பார்ப்பார்கள். சரியாக ஓடினால் அடுத்த பகுதி. இப்படித் துண்டு துண்டாக மாற்றினார்கள். கருவுக்கு, 'பி' நிறுவனத்தில் முன்பு பணியாற்றிய டிராவிஸ் கைசல்பிரெக்ட் எழுதிய 'நியூஓஎஸ்' அடித்தளமாக அமைந்தது. கோப்புகளைக் காட்டும் டிராக்கர் என்ற நிரலை 'பி' நிறுவனமே தன் கடைசிக் காலத்தில் திறந்துவிட்டிருந்தது.

2004இல் பெயர் மாறியது. பழைய பெயரின் வணிக உரிமை வேறொருவரிடம் இருந்ததால் புதிய பெயர் தேவைப்பட்டது. பிஓஎஸ்ஸின் இணைய உலாவியில் பக்கம் திறக்காவிட்டால், வெறும் பிழைச் செய்திக்குப் பதிலாக ஒரு ஹைக்கூ கவிதை வரும். அந்த நினைவும், சிறியதாகவும் அழகாகவும் இருக்க வேண்டும் என்ற ஆசையும் சேர்ந்து 'ஹைக்கூ' ஆயின. மூன்றடியில் முழு உலகையும் காட்டும் கவிதையை அறிந்த தமிழ் நேயர்களுக்கு இந்தப் பெயரின் பொருத்தத்தை விளக்கத் தேவையில்லை.

இரண்டு வாரிசுகள்

பிஓஎஸ்ஸுக்கு இன்னொரு வாரிசும் இருந்தது. ஜெர்மனியின் யெல்லோடேப் நிறுவனம் 'செட்டா' என்ற பெயரில் பிஓஎஸ்ஸை வளர்த்து விலைக்கு விற்றது. ஆரம்பத்தில் ஹைக்கூவைவிட அதுதான் முந்தி நின்றது. வாங்கிய உடனே பயன்படுத்தலாம். ஆனால் 2006இல் அந்த நிறுவனம் நொடித்துப்போனது. வேறொரு நிறுவனம் எடுத்து நடத்திப் பார்த்து, 2007இல் அதுவும் நிறுத்தியது. அதற்குள் பிஓஎஸ்ஸின் உரிமை ஜப்பானின் ஆக்சஸ் நிறுவனத்திடம் போயிருந்தது. செட்டாவுக்கு உரிமம் இருப்பதாகத் தங்களுக்குத் தெரியாது என்று அந்தத் தரப்பு சொன்னது. செட்டா அத்துடன் முடிந்தது.

ஹைக்கூ மெதுவாக வந்தது. மிக மெதுவாக. முதல் ஆல்ஃபா பதிப்பு 2009 செப்டம்பரில், அதாவது எட்டு ஆண்டு உழைப்புக்குப் பிறகு வந்தது. முதல் பீட்டா 2018 செப்டம்பரில். ஐந்தாவது பீட்டா 2024 செப்டம்பரில். இருபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகும் "இது முழுமையான முதல் பதிப்பு" என்று அவர்கள் சொல்லவில்லை. இதை நான் மறைக்க விரும்பவில்லை. இடையில் பலர் வேலை, குடும்பம் என்று விலகினார்கள், புதியவர்கள் வந்தார்கள். நன்கொடைப் பணத்தைச் சேர்த்து 2021இல் ஒரு நிரலாளரைச் சம்பளத்துக்கு அமர்த்தினார்கள்.

பலன் என்ன? 384 மெகாபைட் நினைவகமும் 3 கிகாபைட் சேமிப்பிடமும் இருந்தால் ஹைக்கூ ஓடும். இன்றைய ஒரு சாதாரணக் கைப்பேசியில் இதைப்போலப் பல மடங்கு நினைவகம் இருக்கிறது. அதன் 32-பிட் பதிப்பில், 1990களின் இறுதியில் எழுதிய பிஓஎஸ் நிரல்களைக்கூட ஓட்டலாம். நிறுவனம் போய்விட்டது, அதை நம்பி எழுதியவர்களின் உழைப்பு வீணாகவில்லை.

நமக்கு என்ன பாடம்?

நாளைக்கே எல்லாரும் ஹைக்கூவுக்கு மாறுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. எல்லா வன்பொருளும் அதில் வேலை செய்யாது. அலுவலகத்தில் கேட்கும் எல்லா மென்பொருளும் அதில் கிடைக்காது. பழைய கணினி வைத்திருப்பவர்கள் ஒரு யுஎஸ்பி குச்சியில் போட்டு, வட்டில் எதையும் அழிக்காமல் ஓட்டிப் பார்க்கலாம். பிடித்தால் வைத்துக்கொள்ளலாம்.

நான் சொல்ல வருவது வேறு. பிஓஎஸ் தரத்தில் தோற்கவில்லை, சந்தையில் தோற்றது. நல்ல பொருள் தானாகவே பிழைத்துக்கொள்ளும் என்று நாம் நம்புகிறோம். அது உண்மை இல்லை. செட்டாவிடம் முதலில் விற்கப் பொருள் இருந்தது, கடையும் இருந்தது. ஆனால் மூலநிரல் பூட்டிய பெட்டியில் கிடந்தது. பெட்டியின் சொந்தக்காரர் மாறியதும் எல்லாம் போயிற்று. ஹைக்கூவிடம் எதுவும் இல்லை. ஆனால் எழுதிய ஒவ்வொரு வரியும் யாரும் எடுத்துப் படிக்கலாம், திருத்தலாம் என்ற உரிமத்தில் வெளியே இருந்தது. ஒருவர் களைத்துப்போனால் இன்னொருவர் அதே இடத்திலிருந்து தொடர முடிந்தது.

அடுத்த முறை நீங்கள் ஒரு மென்பொருளில் குடும்பப் படங்களையோ, சங்கத்தின் கணக்குகளையோ, பிள்ளைகளின் பாடங்களையோ சேர்த்து வைக்கும்போது, அதன் விலையை மட்டும் கேட்காதீர்கள். "இதைச் செய்தவர் நாளை இல்லையென்றால் இதை யார் தொடர்வார்கள்?" என்றும் கேளுங்கள். பிஓஎஸ் பயனர்கள் அந்தக் கேள்வியைக் காலம் கடந்துதான் கேட்டார்கள். விடையை எழுதி முடிக்க அவர்களுக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் தேவைப்பட்டது.