சஹானாவை இரண்டாம் தடவை எழுதினது ஏன்?

சொறிக்கல்முனையில் நாங்க வெப் அப்ளிகேஷன் செய்யத் தொடங்கின நாளிலிருந்து ஒரே வேலையைத்தான் திரும்பத் திரும்பச் செஞ்சு வந்தம். சங்கத்துக்கு உறுப்பினர் பதிவு எண்டாலும் சரி, டியூஷனுக்கு வரவுப் பதிவு எண்டாலும் சரி, முதல் கிழமை முழுக்க லொகின் பக்கத்துக்கும் டேட்டாபேஸ் இணைப்புக்குமே போயிரும். பொதுவானதை ஒருதரம் ஒழுங்காச் செஞ்சு வச்சு, பிறகு அதைக் கொப்பி பண்ணித் தொடங்கலாம் எண்டு முடிவெடுத்தம். ஆனா எது பொது, எது பொதுவில்லை? அதில்தான் எங்களுக்குள்ள சண்டை. பதிலுக்கு உதவினது நம்மட நாட்டுக் கதை ஒண்டு.

2004 டிசம்பர் 26. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது எண்டு நம்மட கரை முழுக்கச் சுனாமி அள்ளிப் போட்டது. இலங்கையிலேயே கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம்தான்; 10,000க்கும் மேல். யார் எந்த முகாமில், யாரைக் காணல்ல, எந்த நிறுவனம் எங்க உதவுது எண்டு கேட்டால் ஒரே இடத்தில் பதில் இல்லை. கொழும்பில் லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷனைச் சுற்றியிருந்த தொண்டர்கள் சில கிழமைக்குள்ளேயே பிஎச்பியிலும் மைஎஸ்கியூஎல்லிலும் ஒரு சிஸ்டம் கட்டினாங்க. பெயர் சஹானா. சிங்களத்தில் நிவாரணம் எண்டு பொருள்.

அவசரத்துக்குக் கட்டினது அந்த அவசரத்துக்கு மட்டும்தான் பொருந்தும். 2005இல் சுவீடன் அரசின் உதவி நிறுவனமான சீடாவின் நிதியோட, எந்த நாட்டுக்கும் பொருந்துற மாதிரி அதைப் பெரும்பாலும் புதிதாக எழுதினாங்க. எங்களுக்கு இதுதான் கதையின் முக்கியமான இடம். மாவட்டம், பிரதேச செயலகப் பிரிவு, கிராம சேவகர் பிரிவு எண்ட அடுக்கு நமக்குத்தான். பிலிப்பைன்ஸில் பரங்காய் எண்டுதான் கேட்பாங்க. அதைக் கோடுக்குள்ள எழுதி வச்சா அடுத்த நாட்டில் எல்லாத்தையும் உடைக்க வேணும். வெளியே செட்டிங்காக வச்சா மாத்திக்கலாம். காணாமல் போனவர் பதிவு, முகாம் பதிவு, நிறுவனப் பதிவு எல்லாம் தனித்தனி மொடியூல். தேவையானதை மட்டும் எடுக்கலாம்.

அதே 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கம், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவு, பிறகு யோக்யகர்த்தா எண்டு சஹானா போய்க்கொண்டே இருந்தது. 2010இல் ஹெய்ட்டிக்குப் போனபோது பைதானில் எழுதின சஹானா ஈடனும் வந்திட்டுது. பிஎச்பி போயிட்டுது, தனித்தனியாகப் பிரிச்சு வைக்கிற அந்த யோசனை மட்டும் மிஞ்சினது. எந்த ஃப்ரேம்வர்க் எண்டு நாங்க இரண்டு கிழமை வாதாடினதை நினைச்சா இப்ப வெட்கமாத்தான் கிடக்கு.

எங்கட தொடக்கப் புரொஜெக்டில் இப்ப லொகின், இட அடுக்கு, மொழிக் கோப்பு மூண்டும்தான் இருக்கு. டேட்டாபேஸில் யுடிஎஃப்8எம்பி4ஐ நாங்களே எழுதி வச்சிட்டம். 2018இல் மைஎஸ்கியூஎல் 8 வரும்வரைக்கும் அதன் இயல்பான எழுத்துத் தொகுதி லத்தீன்தான். கவனிக்காம விட்டா தமிழ்ப் பெயரெல்லாம் கேள்விக்குறியாப் போயிரும். பெயருக்கும் ஒரே பெட்டிதான். முதற்பெயர், குடும்பப்பெயர் எண்டு இரண்டாப் பிரிச்சா, தகப்பன் பெயரை முன்னுக்கு வைக்கிற நம்மட ஆக்கள் எதில் எதை எழுதுறது? ஆங்கிலத்தில் முகம்மதுவை எத்தனை விதமாத்தான் எழுதுறாங்க! அந்தத் தேடலை மட்டும் இன்னும் எழுதி முடிக்கல்ல.