முகப்பருவும் மயிர்க்கால் அழற்சியும்

முகப்பரு, மயிர்க்கால் அழற்சி ஆகிய இரண்டும் மயிர் முளைக்கும் நுண்குழியில் தோன்றுபவை. இரண்டும் சிவந்து தடிக்கும், சீழ் கோக்கும். இந்த ஒற்றுமைதான் சிகிச்சையைத் திசைதிருப்புகிறது. சீழைக் கண்டதும் ஆன்டிபயாடிக் என்பது வழக்கமாகிவிட்டது. ஆனால் முகப்பரு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவும் தொற்று அன்று. பருவ வயதில் ஆண்ட்ரோஜன் ஹார்மோன்கள் தூண்டுவதால் எண்ணெய்ச் சுரப்பு கூடுகிறது. உதிர வேண்டிய செல்கள் உதிராமல் ஒட்டிக்கொண்டு குழியின் வாயை அடைக்கின்றன. அடைப்பு திறந்திருந்தால் கரும்புள்ளி, மூடியிருந்தால் வெண்புள்ளி. கரும்புள்ளியின் கருமை அழுக்கு அன்று. சோப்புப் போட்டு எவ்வளவு தேய்த்தாலும் போகாது, தோல்தான் புண்ணாகும். க்யூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் என்னும் பாக்டீரியா பரு இல்லாதவர் தோலிலும் வாழ்வதே. அடைபட்ட குழியில் அது அழற்சியைத் தூண்டுகிறது. நோய்க்கு அது மட்டுமே காரணம் அன்று.

மயிர்க்கால் அழற்சியில் கரும்புள்ளி, வெண்புள்ளி இரா. சவரத்துக்குப் பின் தாடையிலும் தொடையிலும் வரும் சீழ்க்கொப்புளங்களுக்குப் பெரும்பாலும் ஸ்டேஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் பாக்டீரியா காரணம். அங்கே ஆன்டிபயாடிக் பொருந்தும். மார்பு, முதுகு, தோள்களில் ஒரே அளவில் நெருங்கி எழுந்து அரிக்கும் பருக்களோ மலசீசியா என்னும் பூஞ்சையின் வேலையாக இருக்கலாம். வெப்பமும் வியர்வையும் மிகுந்த ஊர்களில் இதை முகப்பரு என்று கருதி டாக்சிசைக்ளின் என்னும் ஆன்டிபயாடிக் தரும்போது, போட்டிக்கு இருந்த பாக்டீரியா குறைந்து பூஞ்சை இன்னும் பெருகும். கீட்டோகோனசோல், இட்ராகோனசோல் போன்ற பூஞ்சை மருந்துகளே இதற்கு உரியவை. பரிசோதனைக்கூடம் இல்லாத ஊரில் எப்படிப் பிரித்தறிவது என்று கேட்கலாம். அரிப்பு உண்டா, கரும்புள்ளி உண்டா, எந்த இடம், ஆன்டிபயாடிக் எடுத்தபின் கூடியதா என்ற கேள்விகளே பெரும்பாலும் வழிகாட்டும். ஐயமிருந்தால் தோலைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு நுண்ணோக்கியில் பார்க்கலாம்.

டாக்சிசைக்ளின் பருவைக் குறைக்கத்தானே செய்கிறது என்ற மறுப்பிலும் உண்மை உண்டு. அது பாக்டீரியாவைக் கட்டுப்படுத்துவதோடு அழற்சியையும் தணிக்கிறது. ஆனால் தனியாகக் கொடுத்தால் பாக்டீரியா எதிர்ப்புத்திறன் பெறும். அதனால்தான் பென்சாயில் பெராக்சைடு என்னும் பூச்சு மருந்துடன் சேர்த்துக் கொடுத்து, மூன்று நான்கு மாதங்களுக்குள் நிறுத்துகிறார்கள். பென்சாயில் பெராக்சைடுக்கு எதிர்ப்புத்திறன் உருவாவதில்லை. துணியில் பட்டால் சாயத்தை வெளுக்கச் செய்யும். அடைப்பை நீக்கும் அடாபலீன்தான் சிகிச்சையின் அடித்தளம் என்பேன். தொடக்கத்தில் தோல் உரிந்து எரியலாம். பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். அதுவரை பொறுக்காமல் பலர் மருந்துக்கடையில் சீட்டின்றிக் கிடைக்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்புக்குத் தாவுகிறார்கள். சிவப்பு சில நாளில் அடங்கும். தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து, ஸ்டீராய்டே புதிய பருக்களைக் கிளப்பும். ஆழமான கட்டிகளுக்கும் தழும்பு விழும் பருவுக்கும் 1982இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ஐசோட்ரெட்டினாயின் மிகுந்த பலன் தரும். ஆனால் கருவைக் கடுமையாகப் பாதிப்பதால், கருத்தரிக்க வாய்ப்புள்ள பெண்கள் மருந்து உண்ணும் காலம் முழுவதும், நிறுத்தியபின் ஒரு மாதமும் கருத்தடை முறையைக் கைக்கொள்ள வேண்டும்.