ஆழமில்லாத கடல்: தூத்துக்குடிக்கு ஏன் ரெண்டு துறைமுகம்?

தூத்துக்குடியில் ஆட்டோ பிடித்து "துறைமுகம் போகணும்" என்று மட்டும் சொன்னால் வண்டி கிளம்பாது. "பழசா, புதுசா?" என்று ஒரு கேள்வி வரும். பழைய துறைமுகம் ஊரோடு ஒட்டி இருக்கிறது. தோணிகள் நிற்பது அங்கேதான். புதுத் துறைமுகம், அதாவது வ.உ.சிதம்பரனார் துறைமுகம், ஊரைத் தாண்டித் தெற்கே பல கிலோமீட்டர் போகணும். பெரிய கப்பல், கன்டெய்னர், நிலக்கரி எல்லாம் அங்கே.

ஒரே ஊர், ஒரே கடல், எதுக்கு ரெண்டு துறைமுகம்? ஊர்க்காரங்க யாரும் இதைக் கேள்வியாவே நினைக்கிறதில்லை. ஆனால் இதுக்குப் பதில் தேடினால் முத்து, தோணி, உப்பு, ரயில், சேது சமுத்திரம் என்று நம்ம ஊர்க் கதை பூராவும் ஒரே நூலில் கோத்து வருகிறது. அந்த நூல் ரொம்ப எளிமையானது: இந்தக் கடலில் ஆழம் கிடையாது.

ஆறு தள்ளிய துறைமுகங்கள்

முதலில் கொற்கை. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிப்ளூஸ் என்ற கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு, கொல்கை என்ற இடத்தில் முத்துக்குளிப்பு நடந்ததாகவும், தண்டனைக் கைதிகளை அதில் இறக்கியதாகவும் சொல்கிறது. அது பாண்டியரின் கொற்கை. இன்றைக்குக் கொற்கைக்குப் போனால் கடலைப் பார்க்க முடியாது. ஊர் கடற்கரையிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் உள்ளே, வயலுக்கும் வாழைத்தோட்டத்துக்கும் நடுவில் இருக்கிறது.

காரணம் தாமிரபரணி. ஆறு கொண்டு வந்து கொட்டிய வண்டல், கடலைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளிவிட்டது. கொற்கை தூர்ந்ததும் வணிகம் காயலுக்குப் போனது. பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கடைசியில் மார்க்கோ போலோ பெரிய துறைமுகமாக வர்ணித்த காயல் இதுதான். பிறகு அதுவும் தூர்ந்தது. இன்றைக்கு அதன் பேரே பழைய காயல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிஷப் கால்டுவெல் இந்த ரெண்டு இடத்திலும் தோண்டிப் பார்த்து, துறைமுகம் நகர்ந்த வரிசையை எழுதி வைத்தார்.

இந்த வரிசையில் அடுத்தது புன்னைக்காயல், அதற்கடுத்து தூத்துக்குடி. 1530களில் பரதவர்கள் போர்த்துக்கீசியரோடு சேர்ந்து கிறிஸ்தவத்துக்கு மாறினார்கள், 1542ல் பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரைக்கு வந்தார், 1658ல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள், 1825ல் அது நிரந்தரமாக ஆங்கிலேயர் கைக்குப் போனது. கொடி மாறிக்கொண்டே இருந்தது. யாரும் வந்தது ஆழமான துறைமுகத்துக்காக இல்லை. வந்தது முத்துக்காக.

ஆழமில்லாததால் கிடைத்தது

மன்னார் வளைகுடாவில் கரையிலிருந்து வெகுதூரம் வரைக்கும் கடல் மெதுவாகத்தான் சரிகிறது. அந்தச் சரிவில் அங்கங்கே பாறைத் திட்டுகள். நம்ம மீனவர்கள் அதைப் 'பார்' என்பார்கள். தொலையிரம் பார் மாதிரி ஒவ்வொன்றுக்கும் பேர் உண்டு. முத்துச்சிப்பி ஒட்டி வளர்வது இந்தப் பாரில்தான். ஆழம் பெரும்பாலும் பத்திலிருந்து இருபது மீட்டருக்குள்.

இதுதான் முக்கியமான எண். மூச்சை அடக்கிக்கொண்டு, காலில் கல்லைக் கட்டி இறங்குகிற ஒரு ஆள், ஒரு நிமிஷம் ஒன்றரை நிமிஷத்துக்குள் போய்ச் சிப்பியை அள்ளிக்கொண்டு திரும்பக்கூடிய ஆழம் அது. இன்னும் இருபது மீட்டர் கூட இருந்திருந்தால் இந்தக் கரையில் முத்துக்குளிப்பு என்ற தொழிலே பிறந்திருக்காது. மேலே தோணியில் ஒருத்தர் கயிற்றைப் பிடித்திருப்பார். கீழே இருக்கிறவர் கயிற்றை ஆட்டினால் இழுக்கணும். அந்தக் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள், தங்கச்சியோ அக்காவோ விதவையாகக் கூடாது என்று அவன்தான் கவனமாக இருப்பான் என்று ஊரில் சொல்வார்கள்.

பரதவர்களோடு கீழக்கரை, காயல்பட்டினம் பக்கத்து முஸ்லிம்களும் குளித்தார்கள். கரைக்கு வந்த சிப்பியைத் திறக்காமலேயே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். வாங்குகிறவருக்கு உள்ளே முத்து இருக்கா இல்லையா தெரியாது. ஒரு விதத்தில் சட்டப்படி நடந்த சூதாட்டம்!

காணாமல் போன வருஷங்கள்

முத்துக்குளிப்பு வருஷா வருஷம் நடந்ததாகப் பலபேர் நினைக்கிறார்கள். இல்லை. சிப்பி குஞ்சாக ஒட்டி, குளிக்கிற அளவுக்கு வளர மூன்று நாலு வருஷம் ஆகும். அதற்குள் மணல் மூடலாம், மீன் தின்னலாம், 'சூரன்' என்கிற சின்ன மட்டி மேலே படர்ந்து மூச்சை அடைக்கலாம். அதனால் அரசாங்கம் அவ்வப்போது பாரைப் பரிசோதிக்கும். நல்ல விளைச்சல் இருந்தால் மட்டும் குளிப்பு அறிவிக்கும்.

1830ல் ஒரு குளிப்பு நடந்தது. அதற்குப் பிறகு 1856 வரை பதின்மூன்று தடவை பாரைப் பரிசோதித்தார்கள். பதின்மூன்று தடவையும் விளைச்சல் இல்லை. மறுபடி குளிப்பு நடந்தது 1860ல்தான். அப்புறம் 1889, 1890, 1900, 1908, 1914 என்று விட்டு விட்டு. 1926 முதல் 1928 வரை மூன்று வருஷம். பிறகு 1955 முதல் 1961 வரை தொடர்ச்சியாக ஒரு நல்ல காலம். 1961தான் கடைசி.

'புதுத் துறைமுகம் வந்துச்சு, முத்து போச்சு' என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது பொருந்தவில்லை. புதுத் துறைமுகத்துக்கு லால் பகதூர் சாஸ்திரி அடிக்கல் நாட்டியது 1964 நவம்பர் 5. கடைசிக் குளிப்பு அதற்கு மூன்று வருஷம் முந்தி.

அதே தேதிகள் இன்னொன்றையும் சொல்கின்றன. 1830க்கும் 1860க்கும் நடுவில் இடைவெளி 30 வருஷம். 1928க்கும் 1955க்கும் நடுவில் 27. 1961க்குப் பிறகு இப்போது 60 வருஷத்தைத் தாண்டிவிட்டது. அதாவது, சிப்பி காணாமல் போவது இந்தக் கடலுக்குப் புதுசில்லை. திரும்பி வராமல் இருப்பதுதான் புதுசு. முத்து போனதற்குத் துறைமுகத்தைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் திரும்பி வராததற்கு, 1961க்குப் பிறகு இந்தக் கடலில் நாம் செய்த எல்லாவற்றையும் விசாரணை வட்டத்துக்குள் கொண்டுவந்துதான் ஆகணும். இழுவை மடி, ஆலைக் கழிவு, பவளப்பாறை வெட்டியது, தூர்வாரியது, எல்லாம்.

இதில் இன்னொரு சுவாரசியமான விஷயம். 1830க்குப் பிறகு வந்த நீண்ட வறட்சிக்கு, அன்றைய தூத்துக்குடித் துறைமுக அதிகாரி கேப்டன் ராபர்ட்சன் ரெண்டு காரணம் சொன்னார். ஒன்று, பாம்பன் கால்வாயை அகலப்படுத்தியதால் நீரோட்டம் வேகமாகி, சிப்பிக் குஞ்சுகள் பாரில் ஒட்ட முடியவில்லை. ரெண்டு, சங்கு குளிக்கிறவர்கள் பாரைக் கலைக்கிறார்கள். அவர் சொன்னது சரியா தப்பா என்பது வேறு. 2005ல் சேது சமுத்திரத் திட்டம் தொடங்கியபோது நாம் போட்ட சண்டையின் முதல் பக்கம், அதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே எழுதப்பட்டுவிட்டது என்பதைக் கவனியுங்கள். கடலை ஆழமாக்கினால் கடலுக்குள் இருப்பதற்கு என்ன ஆகும்? கேள்வி அப்படியேதான் இருக்கிறது.

ஆழமில்லாததால் பிறந்த தோணி

முத்தை விட்டுவிட்டு வணிகத்துக்கு வருவோம். 1876ல் ரயில் தூத்துக்குடிக்கு வந்தது. கரிசல் காட்டுப் பருத்தி மூட்டை மூட்டையாக இங்கே இறங்கியது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களும் இந்த வழியாகப் போனார்கள். 1914ல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி வழியும் திறக்கும் வரை, சென்னையிலிருந்து கொழும்பு போகிறவர் தூத்துக்குடி வரை ரயிலில் வந்து கப்பல் ஏறணும்.

ஆனால் கப்பல் கரைக்கு வராது. ஆழம் இல்லையே! நீராவிக் கப்பல்கள் ஐந்தாறு மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கும் ஆளும் படகில் போய் ஏறணும். 1906ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, காலியா, லாவோ என்ற கப்பல்களைக் கொழும்புக்கு விட்டபோதும் இதுதான் நிலைமை.

அந்த ஐந்தாறு மைல்தான் ஊருக்குச் சோறு போட்டது. கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் சரக்கு ஏற்றி இறக்க நூற்றுக்கணக்கான கைகள் வேண்டும், தோணிகள் வேண்டும், தோணி கட்டுகிற ஆசாரிகள் வேண்டும், பாய் தைக்கிறவர்கள் வேண்டும். பெரிய தோணிகள் கொழும்புக்கும் நேரடியாகப் பாய் விரித்துப் போய் வந்தன. தோணியை நடத்துகிற 'தண்டல்' ஊரில் மரியாதைக்குரிய ஆள். ஜோ டி குரூஸின் 'கொற்கை' நாவல் இந்த உலகத்தைத்தான் விரிவாகச் சொல்கிறது. 2013ல் சாகித்ய அகாதமி விருது வாங்கிய நாவல் அது.

உப்பளமும் இதே கணக்குதான். தட்டையான கரை, குறைந்த மழை, நல்ல வெயில். குஜராத்துக்கு அடுத்தபடியாக நாட்டுக்கு உப்பு கொடுப்பது நம்ம பக்கம். தாழ்வான கரையும் ஆழமில்லாத கடலும் ஒரே நிலத்தின் ரெண்டு பாதி என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆழத்தைக் கட்டியது

சுதந்திரத்துக்குப் பிறகு 1955ல் ஏ. ராமசாமி முதலியார் தலைமையில் ஒரு குழு அமைந்தது. சேதுக் கால்வாயும் தூத்துக்குடி ஆழ்கடல் துறைமுகமும் ஒன்றோடு ஒன்று சேர்ந்தவை, சேர்த்தே செய்யணும் என்று அந்தக் குழு சொன்னது. கால்வாய் நின்றுபோனது. துறைமுகம் வந்தது.

வந்த விதத்தை ஒரு பொறியாளர் கண்ணோடு பாருங்கள். கடலில் ஆழம் கரைக்கு வராது என்றால், கரையை ஆழத்துக்குக் கொண்டுபோகணும். முயல்தீவுப் பக்கம் கல்லைக் கொட்டி, கடலுக்குள் ரெண்டு அலைத்தடுப்புச் சுவர். ஒன்று கிட்டத்தட்ட 4.1 கிலோமீட்டர், இன்னொன்று கிட்டத்தட்ட 3.9 கிலோமீட்டர். நடுவில் சுமார் 1.3 கிலோமீட்டர் இடைவெளி. இயற்கையாக அமைந்தது இல்லை, முழுக்க முழுக்க கையால் கட்டிய துறைமுகம். 1974 ஜூலை 11 அன்று பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. ஊருக்கு ரெண்டு துறைமுகம் ஆன கதை இதுதான்.

புதுத் துறைமுகம் இல்லாமல் இன்றைய தூத்துக்குடி இல்லை. அனல்மின் நிலையம், உரம், கன்டெய்னர் லாரி, ஷிப்பிங் ஆபீஸ் வேலை என்று அதை நம்பி இருக்கிற குடும்பங்கள் ஏராளம். அதைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் கப்பல் நேராகக் கரைக்கு வந்து நின்ற அன்றைக்கே அந்த ஐந்தாறு மைல் வேலை இல்லாமல் போனது. தோணிகள் பாய்க்கு மேல் இன்ஜின் மாட்டிக்கொண்டன. கொழும்புப் போக்குவரத்து சுருங்கியது. இப்போது பெரும்பாலும் மாலத்தீவுக்குத்தான். காய்கறி, சிமெண்ட், கட்டுமானச் சாமான் ஏற்றிக்கொண்டு போகின்றன. தென்மேற்குக் காற்று வலுக்கிற மாதங்களில் அதுவும் கிடையாது.

இன்றைக்கு

2024 பிப்ரவரி 28ல் வெளித்துறைமுகக் கன்டெய்னர் முனையத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. இன்னும் பெரிய கப்பல், அதற்கு இன்னும் ஆழம்.

அதே நேரத்தில், ஊருக்கு எதிரே இருக்கிற வான் தீவு 1969ல் 20 ஹெக்டேருக்கு மேல் இருந்தது, 2015 வாக்கில் 3 ஹெக்டேருக்கும் கீழே வந்துவிட்டது. பக்கத்தில் விலாங்குசல்லி தீவு ஏற்கெனவே தண்ணிக்குள். சுண்ணாம்புக்காகப் பல வருஷம் பவளப்பாறையை வெட்டியதன் விலை இது. வான் தீவைச் சுற்றிச் செயற்கைப் பாறைகளை இறக்கி அரிப்பைக் குறைத்திருக்கிறார்கள். கரியசல்லி தீவுக்கும் திட்டம் அறிவித்திருக்கிறார்கள். திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முத்து மட்டும் ஆய்வகம் வழியாக வந்தது. 1973ல் பக்கத்து வேப்பலோடையில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் அழகர்சாமி குழு இந்தியாவின் முதல் வளர்ப்பு முத்தை எடுத்துக் காட்டியது.

எனக்கு இந்தத் தேடலில் ரொம்பப் பிடித்தது அந்தப் பதின்மூன்று பரிசோதனைகள். முத்து இல்லை, வருமானம் இல்லை. ஆனாலும் 26 வருஷத்தில் பதின்மூன்று தடவை போய்ப் பார்த்து, 'இல்லை' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அரசாங்கத்துக்குக் காசு ஆசைதான், தியாகம் ஒன்றும் இல்லை. ஆனால் அவர்கள் எழுதி வைத்த 'இல்லை'களை வைத்துத்தான் 30 வருஷ இடைவெளி என்று இன்றைக்கு நம்மால் சொல்ல முடிகிறது, 60 வருஷம் எவ்வளவு அதிகம் என்றும் புரிகிறது.

வெளித்துறைமுகம் கட்டட்டும், பெரிய கப்பல் வரட்டும். அதோடு சேர்த்து ஒரு வேலையும் நடக்கணும். பார் எங்கெங்கே இருக்கிறது, எதில் சிப்பி இருக்கிறது, எதில் இல்லை, எந்தத் தீவு எத்தனை அடி குறைந்தது என்பதை வருஷா வருஷம் பார்த்து, ஊர்க்காரங்க படிக்கிற மாதிரி தமிழில் வெளியிடணும். இன்னும் ஐம்பது வருஷம் கழித்து யாராவது 'எப்போ போச்சு, எதனால போச்சு?' என்று கேட்டால், அன்றைக்கு ஊர்ப்பேச்சு மட்டும் பதிலாக இருக்கக்கூடாது.